மூடுபனியில் பாதை

டிசம்பர் மாதம். அதிகாலை ஆறு மணி. உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமம். கரும்பு ஏற்றிய டிராக்டர் சர்க்கரை ஆலைக்குப் புறப்படுகிறது. இருபது அடி தூரத்தில் நிற்கும் வேப்பமரம் தெரியவில்லை. எங்கும் வெள்ளைத் திரை. இதுதான் மூடுபனி.

பஞ்சாப், அரியானா, டெல்லி, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய இடங்களில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி அதிகம். நாமக்கல்லில் இருந்து வடக்கே போகும் லாரிகளும் இந்தப் பனியைக் கடக்க வேண்டும்.

மூடுபனி எப்படி உண்டாகிறது?

குளிர்கால இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்து விடுகிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. ஆறு, கால்வாய், ஈரமான வயல் ஆகியவற்றால் காற்றில் ஈரம் இருக்கும். அந்த ஈரம் சிறு சிறு நீர்த்துளிகளாக மாறுகிறது. காற்று வீசாததால் துளிகள் அங்கேயே மிதக்கின்றன. வெயில் ஏறினால் பனி விலகும்.

ஆபத்து எங்கே?

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடும். அடர்ந்த பனியில் 50 மீட்டர்தான் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தைக் கடக்க மூன்று நொடி போதும். ஆபத்தைப் பார்த்துப் பிரேக்கை மிதிக்கவே ஒரு நொடிக்கு மேல் ஆகும். பாரம் ஏற்றிய லாரி அதற்குள் நிற்குமா?

வண்டி ஓட்டுபவர்கள் கவனிக்க

வேகத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டி நிற்க வேண்டும்.

விளக்கை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும். பாதை இன்னும் மறையும்.

முந்திச் செல்லாதீர்கள். சாலையின் இடது ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள்.

சாலையில் வண்டியை நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவருக்கு அது தெரியாது. சாலையை விட்டு முழுதும் விலகி நிறுத்துங்கள்.

டிராக்டர், மாட்டுவண்டி, சைக்கிள் ஆகியவற்றின் பின்புறம் ஒளிரும் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள். செலவு கொஞ்சம். காப்பது உயிரை.

நடப்பவர்கள் கவனிக்க

நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக நடங்கள். எதிரே வரும் வண்டி தெரியும். கறுப்புக் கம்பளி போர்த்தியவரை இருட்டில் ஓட்டுநர் பார்ப்பது கடினம். வெளிர்நிறத் துணி போர்த்துங்கள். கையில் டார்ச் விளக்கு வையுங்கள். காதையும் தலையையும் இறுக்கி மூடாதீர்கள். வண்டிச் சத்தம் கேட்க வேண்டும். ரயில் பாதையில் நடக்கவே கூடாது.

விபத்து நடந்தால்

112 என்ற எண்ணை அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணும் உண்டு. உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்ச வேண்டாம். 2019ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்ல மனதுடன் உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது.

அந்த டிராக்டர்காரர் என்ன செய்ய வேண்டும்? வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். கரும்பு இரண்டு மணி நேரம் காத்திருக்கும். வீட்டில் பிள்ளைகளும் அவருக்காகக் காத்திருக்கிறார்கள்.