படகுக்கு வால் கனத்தால்...

உங்களுக்கு ஐஸ்கிரீம் பிடிக்குமல்லவா? அமெரிக்காவில் விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் வாழ்ந்த பெஸ் அம்மையாருக்கும் அது பிடிக்கும். ஏரிக்கரைக்கு உல்லாசமாகப் போயிருந்தபோது அவர் அதற்கு ஆசைப்பட, ஓலே எவின்ரூட் துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய் வாங்கி வந்தார். வந்து சேர்வதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டதாம்! படகின் பின்புறம் மாட்டும் மோட்டார் யோசனை அப்போதுதான் பிறந்தது என்று கதை சொல்வார்கள். 1909-ல் அவர் செய்த மோட்டாருக்கு ஒன்றரைக் குதிரை சக்தி. எடை சுமார் 28 கிலோ. தொழிலின் கணக்கையும் கடிதங்களையும் கவனித்தவர், மனைவி பெஸ்தான்!

இன்றைய 150 குதிரை சக்தி மோட்டார்களோ 200 கிலோவைத் தாண்டுகின்றன. புகை குறைந்த, பெட்ரோல் சிக்கனமான 'நாலு ஸ்ட்ரோக்' இயந்திரத்தில் வால்வுகளும் தனி எண்ணெய்த் தொட்டியும் உண்டு. ஆகையால் அதே சக்தியுள்ள பழைய மோட்டாரைவிடப் பெரும்பாலும் கனம் அதிகம். பழைய படகில் இதை மாட்டினால் என்ன ஆகும்?

இடுப்பில் நிறைகுடம் ஏறினால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறதே, அதே கதைதான். பின்பக்கம் அமிழும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். ஓட்டுகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. வேகமெடுத்தால் படகு குதித்துக் குதித்து ஓடும். பின்னாலிருந்து ஓர் அலை வந்தால் தண்ணீர் உள்ளேயே புகுந்துவிடும்.

பரிகாரம் உண்டா? உண்டு. 'ஸீஸா'ப் பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். கூடுதல் கனம் 30 கிலோ. அது நடுவிலிருந்து 2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. பெருக்கினால் 60. பின்னாலிருக்கும் 20 கிலோ பாட்டரியை 3 மீட்டர் முன்னால் நகர்த்துங்கள். அதுவும் 60! சாய்வு சரியாகிவிடும். ஆனால் பாட்டரியின் கம்பி நீளும்போது தடிமனும் கூட வேண்டும். பெட்ரோல் டாங்கியையும் நங்கூரத்தையும்கூட இப்படி நகர்த்தலாம்.

அடுத்தது, மோட்டாரின் உயரம். விசிறிக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கிறதல்லவா? அது ஏறக்குறைய படகின் அடிமட்டத்துக்கு நேராக இருக்கட்டும். மோட்டார் அதிகம் உயர்ந்தால் விசிறி காற்றை இழுத்து வீணாய்ச் சுழலும். தாழ்ந்தால் வேகம் குறையும். படகு குதித்தால் மோட்டாரின் அடிப்பாகத்தைப் படகை நோக்கிச் சற்றுச் சாய்க்க வேண்டும், மூக்கு தணியும். அதற்கும் அடங்காவிட்டால் பின்விளிம்பின் இருபுறமும் சிறு தகடுகள் பொருத்துவார்கள். ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

ஒரு விஷயம் மறக்க வேண்டாம். பாரத்தை நகர்த்தினால் சாய்வுதான் தீரும். மொத்தப் பாரம் தீராது. அமெரிக்காவில் 20 அடிக்கு உட்பட்ட புதுப் படகுகளில், எவ்வளவு குதிரை சக்தி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று தகட்டில் பொறிக்க வேண்டும் என்பது 1972 முதல் சட்டம். அந்த அளவை மீறிய மோட்டாருக்குப் பரிகாரமே கிடையாது. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதே வழி.

ஆகவே, குடும்பத்தோடு படகேறும்போது, கிளம்புமுன் எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தபின் பின்விளிம்பைப் பாருங்கள். தண்ணீர் அதை எட்டிப் பார்க்கிறதா? கூசாமல் இறங்கிவிடுங்கள். உருகிய ஐஸ்கிரீமை மறுபடி வாங்கிக் கொள்ளலாம்!