திடீரென மாடு செத்தால் முதலில் என்ன பார்ப்பது?

பொழுது சாயும் வரை மேய்ந்து, அசைபோட்டு, வழக்கம் போல் பால் கொடுத்த மாடு மறுநாள் காலையில் கட்டுத்தறியில் வயிறு உப்பிக் கிடக்கிறது. முந்தின நாள் காய்ச்சலோ கழிச்சலோ ஒரு குறியும் இல்லை. தருமபுரி மாவட்டத்து மானாவாரிக் கிராமங்களில் இப்படி ஒரு சாவு நேர்ந்துவிட்டால், கூடும் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாம்பு தீண்டியிருக்கும் என்பார் ஒருவர். கண்ணேறு என்பார் மற்றொருவர். வரப்புத் தகராறு உள்ள பக்கத்துக் காட்டுக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று ஒருவர் காதோடு காதாகச் சொல்வதும் உண்டு. பேச்சு போலீஸ் நிலையம் வரை போய்விட்டால், பிறகு உண்மைக் காரணம் வேறு என்று தெரிந்தாலும் முறிந்த உறவு எளிதில் ஒட்டுவதில்லை.

ஒரு கறவையையோ ஒரு ஜோடி உழவு மாட்டையோ நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது பெரிய இடி. ஆனாலும் அந்த நேரத்தில் செத்த மாட்டைவிட உயிரோடு இருக்கும் மாடுகளே முக்கியம். அதே காட்டில் மேய்ந்த மற்ற மாடுகளும், சில நோய்களில் வீட்டு மனிதர்களும் தப்புவது காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்தான் இருக்கிறது.

கத்தியை எடுக்கும் முன்

திடீர்ச் சாவு என்றதும் கால்நடை மருத்துவர்கள் முதலில் சந்தேகிப்பது அடைப்பான் நோயை. ஆந்த்ராக்ஸ் என்பது இதுதான். 106, 107 டிகிரி வரை காய்ச்சல் ஏறி, சில மணி நேரத்தில் மாடு விழுந்துவிடும். பெரும்பாலும் காய்ச்சலைப் பார்த்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். செத்த பிறகுதான் தெரியும். மூக்கு, வாய், ஆசனவாய் ஆகிய துவாரங்களிலிருந்து தார் போலக் கறுத்த, உறையாத இரத்தம் கசியும். உடல் சரியாக விறைக்காது. வயிறு விரைவில் உப்பும். உப்புவதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. வெயில் காலத்தில் எந்த நோயால் செத்த மாடும் உப்பத்தான் செய்யும். எல்லா மாட்டிலும் இரத்தம் கசியும் என்பதும் இல்லை. ஆகவே இரத்தம் வரவில்லை, அடைப்பான் அல்ல என்று தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்வது ஆபத்து.

காரணம் தெரியாமல் செத்த மாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது என்று மருத்துவர்கள் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். தோலுக்குக் கிடைக்கும் சில நூறு ரூபாயை விட மனம் வராதது இயல்பே. ஆனால் அடைப்பான் கிருமி மாட்டின் உடலுக்குள் இருக்கும் வரை பலவீனமானது; மூடிய உடல் அழுகும்போது பெரும்பகுதி தானே அழிந்துவிடும். கத்தி பட்டு இரத்தத்தில் காற்றுப் பட்டதும், அது கெட்டியான உறை கொண்ட வித்தாக மாறி மண்ணில் தங்கிவிடுகிறது. எத்தனை ஆண்டு தங்கும் என்பதற்கு ஸ்காட்லாந்து நாட்டின் குருனார்டு தீவு சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது 1942-ல் அங்கே இந்தக் கிருமியை வைத்துச் சோதனை நடத்தினார்கள். 1986-ல் மருந்து தெளித்து மண்ணைச் சுத்தம் செய்து, 1990-ல்தான் அத்தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்க முடிந்தது. தமிழ்நாட்டிலும் இந்நோய் பழங்கதை அல்ல. 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டிப் பகுதிக் காட்டில் ஒரு பெண் யானை அடைப்பானால் செத்தது.

மனிதருக்கும் இது தொற்றும். தோலுரித்தவர் கையில் சிறு கொப்புளம் தோன்றி, நடுவில் கரி போலக் கறுத்த புண்ணாகும். அதில் வலி இராது; அதனாலேயே அலட்சியம் செய்வார்கள். உடனே அரசு மருத்துவமனைக்குப் போனால் மருந்தில் குணமாகும். அந்த இறைச்சியைச் சமைத்துத் தின்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

கால்நடை மருத்துவர் வந்தால் உடலைத் திறக்காமலே காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார். அடைப்பான் என்று தெரிந்தால் பிரேதப் பரிசோதனையே செய்யமாட்டார். உடலை எரிப்பது நல்லது. இயலாதபோது ஆறடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பைக் கொட்டிப் புதைக்க வேண்டும். ஓடை, கிணறு, மேய்ச்சல் தரை பக்கம் குழி வெட்டக்கூடாது. கட்டியிருந்த இடத்து வைக்கோலையும் சேர்த்து எரிக்க வேண்டும்.

மழைக்குப் பின் துளிர்த்த சோளம்

காய்ச்சலே இல்லாமல், மேய்ந்துகொண்டிருக்கும்போதே மாடு விழுந்தால் கதை வேறு. சோளமும் மரவள்ளியும் பயிராகும் இந்த மாவட்டத்தில் அது பெரும்பாலும் இலையில் இருக்கும் நஞ்சு.

சோளப் பயிரில் துர்ரின் என்றொரு பொருள் இருக்கிறது. மாடு மென்று தின்றதும் அது உடைந்து சயனைடு நஞ்சாகிறது. 1902-ல் டன்ஸ்டன், ஹென்றி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் எகிப்து நாட்டு இளஞ்சோளத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். அந்நாட்டில் சோளத்துக்கு துர்ரா என்று பெயர். அதிலிருந்து வந்ததே இப்பெயரும். ஆக, நம் ஊர் மாடு படும் பாட்டை நைல் நதிக்கரை மாடுகளும் பட்டிருக்கின்றன.

எல்லாச் சோளமும் கொல்வதில்லை. முழங்கால் உயரத்து இளம்பயிர், தண்ணீரில்லாமல் வாடிக் குன்றிய பயிர், அறுத்த கட்டையில் மழைக்குப் பின் வரும் துளிர், யூரியா அதிகம் இட்ட பயிர் ஆகியவற்றில்தான் நஞ்சு மிகுதி. கதிர் பிடித்து முற்றிய பயிரிலும், நன்றாகக் காய்ந்த தட்டிலும் மிகவும் குறைந்துவிடும். தருமபுரியில் இடர் வருவது இந்த இடத்தில்தான். நீண்ட வறட்சியில் தீவனம் தீர்ந்து மாடு பட்டினி கிடக்கிறது. ஒரு மழை பெய்கிறது. எங்கும் வேறு பச்சை இல்லாதபோது சோளக்கட்டை மட்டும் பச்சைப் பசேலென்று துளிர்க்கிறது. பசித்த மாட்டை அதில் அவிழ்த்துவிட்டால் வாய் நிறைய அள்ளித் தின்னும். சிறிது சிறிதாக உள்ளே போனால் உடல் சமாளித்துவிடும் நஞ்சு, மொத்தமாகப் போனால் கொன்றுவிடும்.

தின்ற கால்மணி, அரைமணியில் மாடு மூச்சு வாங்கும். வாயில் நுரை தள்ளும். தசைகள் நடுங்கும், கால் தள்ளாடி விழுந்து வலிப்பு வரும். கண் இமையின் உட்புறம் நல்ல சிவப்பாக இருக்கும். இரத்தத்தில் உள்ள பிராணவாயுவை உடல் பயன்படுத்த முடியாதபடி நஞ்சு தடுத்துவிடுவதால் இரத்தம் சிவந்தே இருக்கிறது. அடைப்பானில் கறுத்த இரத்தம், இதில் செக்கச் சிவந்த இரத்தம். செத்து நேரமாகிவிட்டால் இந்த நிறமும் மாறிவிடும். ஆகவே விழுந்தவுடன் பார்த்தவர் சொல்லும் சாட்சியம் மருத்துவருக்குப் பெரிய உதவி.

மருந்து இருக்கிறது. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் இரண்டையும் இரத்த நாளத்தில் ஏற்றினால் விழுந்த மாடு எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். இரண்டாவது மருந்து, அக்காலப் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் படம் கழுவப் பயன்படுத்திய அதே ஹைப்போதான். ஆனால் அளவு தவறினால் சோடியம் நைட்ரைட்டே நஞ்சு. மருத்துவர் கையால்தான் போட வேண்டும். அவர் வரும் வரை செய்யக்கூடியது, மீதி மாடுகளை அந்தக் காட்டைவிட்டு ஓட்டுவது. விழுந்து மூச்சுத் திணறும் மாட்டின் வாயில் மோரோ எண்ணெயோ மூங்கில் குழாயால் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போய், நஞ்சுக்குத் தப்பியதும் அதனால் சாகும்.

மரவள்ளியின் இலையிலும் தோலிலும் இதே நஞ்சு வேறொரு பொருளிலிருந்து வருகிறது. கிழங்கு பிடுங்கும் காலத்தில் களத்தோரம் குவிக்கும் பச்சைத் தழையை ஆடுகள் தின்றுவிடும். நறுக்கி நல்ல வெயிலில் காயவைத்தால் நஞ்சு பெருமளவு போகும். ஆட்டுக்காரர்கள் இதை அறிந்தவர்களே. குவியலுக்குக் காவல் இராததுதான் வினை.

“எங்கே மேய்ந்தது?”

மருத்துவர் வந்ததும் மாட்டைப் பார்ப்பதற்குச் சமமாக ஆளைக் கேட்பார். “நேத்து எங்கே மேய்ஞ்சுது?” என்பார். “எப்பவும் மேயற இடம்தானுங்க ஐயா” என்ற பதில் வரும். இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் சின்னப் பையன் ஓட்டிப்போனான், பக்கத்துச் சோளக்காட்டில் புகுந்தது என்பது வெளிவரும். தயங்காமல் சொல்லிவிடுவதே நல்லது. அவர் பஞ்சாயத்துப் பேச வந்தவர் அல்லர்.

எத்தனை மாடு விழுந்தது, எந்த வயது, தீவனம் எதையாவது புதிதாக மாற்றியதா, அருகில் மருந்து தெளித்தார்களா, தடுப்பூசி எப்போது போட்டது என்பவை அடுத்த கேள்விகள். ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள கொழுத்த கன்று நொண்டி, தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்டால் அது சப்பை நோய். தொண்டை வீங்கி, எச்சில் வழிந்து, கடுங்காய்ச்சலுடன் மூச்சு இழுத்தால் தொண்டை அடைப்பான், எருமைகளுக்கு அதிகம். யூரியா கரைத்த நீரைக் குடித்த மாடும் நடுங்கி, உப்பி, சீக்கிரம் சாகும். தக்காளிச் செடிக்குத் தெளித்த பூச்சிமருந்து உள்ளே போயிருந்தால் எச்சில் ஒழுகிக் கழியும், கண்ணின் பாவை சுருங்கும். சயனைடு நஞ்சில் பாவை விரியும். மரத்தடியில் நான்கு மாடு ஒன்றாக, வாயில் புல்லோடு செத்துக் கிடந்தால் இடி விழுந்ததா என்று கேட்க வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் படுத்துவிடும் மாட்டுக்கு என்ன நோய் என்பதைச் சோற்றுப் பானை சொல்லும். பெரியவர்கள் கூட்டச் சாவு எதையும் வெக்கை என்பார்கள். அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தாயிற்று.

வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வது வீண் செலவல்ல. நலமான மாட்டுக்கு ஆசனவாய்ச் சூடு 101.5 டிகிரி அளவில் இருக்கும். நோய்க்கிருமி என்றால் சூடு ஏறும். நஞ்சு என்றால் பெரும்பாலும் ஏறாது. வலிப்பில் துடிக்கும் மாட்டுக்கு மட்டும் சற்று ஏறலாம்.

நஞ்சு என்று சந்தேகம் வந்தால், மாடு கடித்த செடியை வேரோடு பிடுங்கிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்க வேண்டும். சயனைடு ஆவியாகிப் பறந்துவிடும். ஒரு நாள் கழித்து எடுத்த மாதிரியில் ஒன்றும் அகப்படாமல் போகலாம். பிக்ரேட் என்னும் மஞ்சள் காகிதத்தை நசுக்கிய இலைக்கு மேல் தொங்கவிட்டு மூடினால், நஞ்சு இருப்பின் காகிதம் செங்கல் நிறமாகும். இன்ஷூரன்ஸ் செய்த மாடாயின் காதுத் தோட்டைக் கழற்றாமல் மருத்துவர் வரும் வரை அப்படியே விட வேண்டும்.

இராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அடைப்பான், சப்பை நோய், தொண்டை அடைப்பான் மூன்றுக்கும் தடுப்பூசி தயாரிக்கிறது. முன்பு அடைப்பான் கண்ட ஊர்களில் ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன்பே ஊசி போட்டாக வேண்டும். சோளத் துளிர் உள்ள காட்டு வழியே மாட்டை ஓட்டிப்போக நேர்ந்தால், காலையில் வைக்கோலோ காய்ந்த தட்டோ வயிறு நிறையப் போட்ட பிறகே அவிழ்க்க வேண்டும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்கலாம்.