பொய் ஈயும் மெய் மீனும்

காவேரிக் கரையில் பிறந்தவர்களுக்குத் தூண்டிலைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. மூங்கிற்கழி ஒன்று, நூல் ஒன்று, நெட்டித் தக்கை ஒன்று, முள்ளிலே கோத்த மண்புழு ஒன்று. இவை கிடைத்தால் மதகடியில் உட்கார்ந்த சிறுவன் பொழுது சாய்வதற்குள் ஒரு கோவைக் கெண்டையுடன் வீடு திரும்பி விடுவான். புழுவே இல்லாமல், இறகையும் நூலையும் காட்டி மீனை ஏமாற்றும் வித்தை ஒன்று உண்டென்றால் அவன் நம்புவானோ என்னவோ! ஆனால் தஞ்சைக்கு வரும் ஜலத்தில் ஒரு பகுதி புறப்படும் இடத்திலேயே அந்த வித்தை நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கி வருகிறது.

நீலகிரியில் அவலாஞ்சி, எமரால்டு முதலிய இடங்களின் ஓடைகள் குந்தா ஆற்றின் வழியே பவானியை அடைகின்றன. பவானி கூடுதுறையில் காவேரியோடு கலக்கிறது. பிறகு அந்த ஜலம் முக்கொம்பையும் கல்லணையையும் கடந்து நமது வயல்களுக்கு வருகிறது. மலையிலுள்ள அவ்வோடைகளில் டிரௌட் என்னும் மீன் வசிக்கிறது. அது நம் நாட்டு மீன் அன்று; வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பூர்விகமாக உடையது. 1860-களில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் நிபுணர் நீலகிரியில் டிரௌட் மீன்களைக் குடியேற்ற முயன்றார், பலிக்கவில்லை. பின்னர் வில்ஸன் என்பவரின் முயற்சியால் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஏற்பட்டது; மீனும் நிலைத்தது. தண்ணீர் 20 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடேறினால் இந்த மீன் சோர்ந்து போகும். ஆகையால் அது மலையை விட்டு நமது வாய்க்காலுக்கு இறங்கி வராது. அதைப் பிடிக்கும் வித்தை மட்டும் இறங்கி வரலாம்.

டிரௌட் மீனின் ஆகாரத்தில் பெரும் பங்கு பூச்சிகளே. ஓடைக் கல்லின் அடியில் பல மாதங்கள் வளர்ந்து, சிறகு முளைத்ததும் வெளிவந்து, ஒன்றிரண்டு நாளில் மடியும் பூச்சி இனம் ஒன்று உண்டு. சிறகு முளைத்த பின் ஆகாரம் உண்ணும் வாய்கூட அதற்கு இல்லை. இவ்வகைப் பூச்சிகளில் பல ஒரு நெல்மணிக்கு மேல் பெரிதாக இரா. ஆகவே பொய் ஈயும் அவ்வளவு சிறிதாகவே இருத்தல் வேண்டும்.

செய்யும் முறை வெகு சுலபம். சின்னஞ்சிறு முள்ளின் தண்டில் பழுப்பு அல்லது கறுப்பு நூலை நெருக்கமாகச் சுற்றினால் உடல் ஆயிற்று. சேவலின் கழுத்து இறகு ஒன்றைத் தலைப்பக்கத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சிட்டால் கால்கள் ஆயின. கண்ணும் வேண்டாம், வாலும் வேண்டாம். ஓடும் நீரில் மீனுக்கு யோசிக்கக் கணப்பொழுதே கிடைக்கிறது. அளவு சரியாக இருந்து, இறகின் இழைகள் உயிருள்ளவைபோல் அசைந்தால், அது வாயைத் திறந்து விடும். ஜப்பானிய மலைவாசிகள் சக்கரம் இல்லாத நீண்ட கழியும் இத்தகைய எளிய ஈயும் கொண்டே பிழைப்பு நடத்தினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். நமது காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் மெழுகு பூசினாற்போல் மின்னும் புள்ளிகள் உண்டு. மேனாட்டுச் சீமான்களின் ஆடம்பர ஈக்களை அலங்கரிப்பதற்காக அந்த இறகுகள் கப்பலேறிச் சென்றன. பறவைகள் ஏராளமாய் மடிந்தன. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இப்பொழுது அவற்றைக் காக்கிறது. மீனுக்கோ அந்த அலங்காரம் தேவையே இல்லை. வீட்டுச் சேவல் உதிர்த்த இறகே போதும்!

அந்தி நேரத்தில் நமது வாய்க்காலின் மேல்மட்டத்தில் வெளிச்சி மீன்கள் பூச்சிகளுக்காகத் துள்ளுவதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பொய் ஈக்கு ஏற்ற மீன் அதுவே. மீன் உண்ணாத நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். பிடித்ததைப் பிடித்தபடியே நீரில் விட்டு விடலாம்.

ஆனால் பொய் ஈ என்பது மெய்ப் பூச்சியின் நகல்தானே? மூலம் அழிந்தபின் நகல் எதற்கு? மலையில் தேயிலைக்கும் காய்கறிக்கும், கீழே நெற்பயிருக்கும் தெளிக்கும் மருந்துகள் பயிரின் பகைவர்களை மட்டும் கொல்வதில்லை. நீரில் கலந்தால் மீனின் ஆகாரத்தையும் கொல்கின்றன. மேலே சொன்ன கல்லடிப் பூச்சி நீர் கெட்டால் முதலில் மறைவனவற்றுள் ஒன்று. அதனாலேயே விஞ்ஞானிகள் நதியின் சுத்தத்தை அறிய அதைத் தேடுகிறார்கள்.

ஆகவே தூண்டில் போட விரும்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லுவோம். கழியை எடுக்குமுன் கரையில் குனிந்து நீரில் கிடக்கும் கல்லையும் பாசியையும் புரட்டிப் பாருங்கள். என்ன பூச்சி இருக்கிறதோ, அதைப்போல ஈ கட்டுங்கள். ஒன்றுமே இல்லாவிட்டால் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீருக்கு என்ன நேர்ந்தது என்று ஊராரைக் கூட்டி விசாரியுங்கள்.