வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோர் வீடும்

இரவு எட்டு மணி. படலை திறக்கும் ஓசை கேட்டதும், விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் இருக்கும் தகப்பனார் நிமிர்ந்து சுவர்மணிக்கூட்டைப் பார்க்கிறார். வாய்திறந்து ஒன்றுஞ் சொல்வதில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும் மகனும் அப்பார்வையைக் காணாதவன்போல உள்ளே போய்விடுகிறான். அவனுக்கு வயது இருபத்தொன்பது. வங்கியில் உத்தியோகம். அங்கே அவனுடைய ஒப்பத்துக்கு மதிப்பு உண்டு. அவனுக்குக் கீழே நாலைந்து பேர் வேலை செய்கின்றனர். படலைக்கு இப்பால் வந்ததும் அவன் பாடசாலை விட்டுப் பிந்தி வந்த சிறுவனாகிவிடுகிறான். தகப்பனாருக்கும் அவனைச் சிறுவனாக்க விருப்பமில்லை. வழியில் ஏதும் நேர்ந்ததோ என்று ஒரு மணி நேரமாக அவர் நெஞ்சு பதைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பதைப்பைச் சொல்லுதற்கு, இருபது வருடங்களாகப் பழகிய அந்த ஒரு பார்வையைத் தவிர அவரிடம் வேறு வழி இல்லை. அதனை அவன் அதிகாரமாகக் கொள்கிறான். அவனுடைய மௌனத்தை அவர் அலட்சியமாகக் கொள்கிறார். அன்றைய இராச்சாப்பாடு ஒருவரும் பேசாமலே முடிகிறது.

இத்தகைய மனத்தாங்கல்களைக் காலத்தின் கோலம் என்று சொல்லி விட்டுவிடுவோர் பலர். கைத்தொலைபேசி வந்ததனால் வந்த வினை என்பர் சிலர். இவற்றை ஒப்புக்கொள்ளுதல் கடினம். வயது வந்த பிள்ளைகள் பெற்றோருடன் வாழ்தல் யாழ்ப்பாணத்தில் நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. மணம் முடிக்கும்வரை மகனும், மணம் முடித்த பின்னரும் சில காலம் மகளும் பெற்றோர் வீட்டில் இருத்தலே இங்கே பொது வழக்கு. மணமாகாத ஒருவன் அதே ஊரில் வேறு வீடு எடுத்து வாழப் புறப்பட்டால், அந்த வீட்டில் என்ன சண்டை என்றே அயலார் கேட்பர். ஆகவே சேர்ந்திருப்பதா, பிரிந்திருப்பதா என்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு எழாத கேள்வி. சேர்ந்திருக்கையில் யார் எந்த நிலையில் இருக்கின்றார் என்பது தெளிவாகாமையே தொல்லைகளுக்கெல்லாம் வேர்.

பழைய காலத்தில் அந்நிலை தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1706ஆம், 1707ஆம் ஆண்டுகளில், யாழ்ப்பாணத்துத் திசாவையாகப் பணிபுரிந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இப்பகுதித் தமிழரின் வழக்கங்களைத் திரட்டி ஒரு கோவையாக்கினார். தமிழ் முதலியார்கள் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டுச் சரியென ஒப்புக்கொண்டனர். தேசவழமை என்னும் அக்கோவையின்படி, மணமாகாத ஆண்மகன் பெற்றோருடன் இருக்குங் காலத்தில் தேடும் பொருள், அவன் உடலில் அணியும் பொன் வெள்ளி ஆபரணங்கள் நீங்கலாக, குடும்பப் பொதுமுதலோடு சேரவேண்டியது. பெற்றோர் உயிருடன் இருக்கும்வரை ஆண்மக்கள் பங்கு கேட்டலும் ஆகாது. 1911ஆம் ஆண்டிலே திருமண உரிமை, மரபுரிமை பற்றிய கட்டளைச் சட்டம் வந்து இக்கோவையின் பல பகுதிகளை மாற்றிவிட்டது. இன்று எந்தத் தகப்பனும் பழைய விதியைக் காட்டி மகனுடைய சம்பளத்தைக் கேட்பதில்லை. ஆயினும், விதி போன பின்பும் அதனோடு பழகிய மனம் போகவில்லை. முதற் சம்பளத்தை அப்படியே தாயின் கையிற் கொடுத்து, அவள் அதனைச் சுவாமிப் படத்தின் முன் வைத்து, வழிச்செலவுக்கென்று கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் காட்சியைப் பல வீடுகளிற் காணலாம். முதல் மாதத்தில் அது அழகிய காட்சிதான். பத்தாவது மாதத்தில் அவன் ஒரு மோட்டார்ச் சைக்கிளுக்குத் தவணை கட்டத் தொடங்கும்போதுதான், அந்தப் பணம் யாருடையது என்பதை ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது தெரியவருகிறது. தாய் அதனைத் தங்கையின் சீதனத்துக்கு என எண்ணிச் சீட்டுப் பிடித்திருக்கிறாள். மகனோ, தான் கொடுப்பது தன் சாப்பாட்டுக்கும் வீட்டுச் செலவுக்கும் என எண்ணியிருக்கிறான். இருவரும் பொய் சொல்லவில்லை. கேட்பது மரியாதையன்று என்று அவளும், சொல்வது மரியாதையன்று என்று அவனும் வாளாவிருந்துவிட்டனர்.

தூரம் இவ்வகைப் பூசல்களை மறைத்துவைத்த காலமும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறி, அங்கே புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் லிகிதர்களாக அமர்ந்தனர். மாதந்தோறும் காசுக்கட்டளை வந்தது. அதனோடு வந்த கடிதத்தில் மகன் எப்போதும் பணிவுள்ளவனாகவே இருந்தான். கடிதத்திற் குரல் உயர்வதில்லையல்லவா? தூரத்துப் பிள்ளையை மெச்சுதல் எளிது. இன்று மலாயாவின் இடத்திற் கனடாவும் இலண்டனும் வந்துள்ளன. ஞாயிற்றுக்கிழமை தோறும் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசும் அண்ணன் வீட்டுக்குத் தெய்வமாகிறான். தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிச்சென்று மருந்துக்காக வரிசையில் நிற்பவனும், குழாய்க்கிணற்று மோட்டார் பழுதானால் ஆள் தேடி ஓடுபவனும் வீட்டிலிருக்கும் தம்பிதான். தேநீருக்குச் சீனி கூடினாலும் ஏச்சு விழுவது அவன் மேலேயே. வந்த விருந்தாளியிடம், "மூத்தவன் அனுப்புற காசிலைதான் எல்லாம் நடக்குது" என்று தாய் சொல்வது அடுத்த அறையிலிருக்கும் அவன் காதில் விழுகிறது. அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். பணத்துக்குக் கணக்கு உண்டு. வரிசையில் நின்ற நேரத்துக்குக் கணக்கு இல்லை. கூட இருந்து பார்க்கும் பிள்ளைகளின் கசப்பிற் பெரும்பகுதி இந்த ஒரு வாக்கியத்தினாற் பிறந்தது என்றால் மிகையாகாது.

இவ்வளவும் ஆண்மக்களைப் பற்றியன. மணமாகாத மகளின் நிலை இதனினும் இறுக்கமானது. முப்பத்துமூன்று வயது; பட்டதாரி ஆசிரியை. அவளுடைய சம்பளமும் வீட்டுக்கே வருகின்றது. அதில் ஒரு பகுதி அவளுக்காகவே நகையாகிறது. எனவே அவள் தன்னைத் தானே கட்டிக்கொடுக்கிறாள் என்று சொன்னாற் பொருந்தும். அவளுக்கு முடியட்டும் என்று தம்பிமார் காத்திருக்கின்றனர். அவர்கள் ஒன்றுஞ் சொல்லாவிட்டாலும், வீட்டில் ஒவ்வொரு மூச்சிலும் அந்தக் காத்திருத்தல் கேட்கிறது. வகுப்பில் நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆள்பவள், தோழியின் வீட்டுக்குப் போவதற்குத் தாயிடம் கேட்டு நிற்கவேண்டும். சாதகம் எடுத்துக்கொண்டு தரகர் வந்த அன்று, அவளுடைய பெயரைச் சொல்லாமலே அவளைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசுகின்றனர். அவள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். பிறகு குசினியில் ஒரு பாத்திரம் ஓசையுடன் விழுந்தால், "இவளுக்கு இப்ப கோபம் கூடிப்போச்சு" என்கிறார்கள். அந்த வீட்டில் அவளிடம் ஒருமுறையேனும், "பிள்ளை, உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டவர் உண்டா என்பதே அறியத்தக்கது.

இனி, யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கலொன்று உண்டு. பிற இடங்களிற் பெரும்பாலும் மருமகள் மாமியார் வீட்டுக்குப் போகிறாள். சண்டை மாமிக்கும் மருமகளுக்கும் என்று கதைகளும் நாடகங்களும் சொல்கின்றன. இங்கே வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகின்றது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். பெற்றோரும் பெரும்பாலும் அதே வீட்டிலேயே தொடர்ந்து இருக்கின்றனர். நேற்றுவரை அவர்களுடைய வீடு. உறுதி முடிந்த அன்று பிற்பகலிலிருந்து மகளுடைய வீடு. அதே கதிரை, அதே விறாந்தை. ஆனால் எழுத்தில் எல்லாம் மாறிவிட்டது. புதிதாக வந்த மருமகனுக்கும் அது சுகமான இடமன்று. வீட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. விருந்தாளியாக இருந்துவிடவும் முடியாது.

ஒரு வீட்டில் நடந்ததுபோன்ற சம்பவத்தை நினைத்துப் பார்க்கலாம். முற்றத்தின் தென்புறத்தில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். தகப்பனார் உத்தியோகத்திற் சேர்ந்த வருடம் நட்டது. மகள் கலியாணத்தின்போது வீடும் வளவும் அவள் பெயருக்கு எழுதப்பட்டன. நொத்தாரிசு, "உங்களுக்கும் அம்மாவுக்கும் சீவிய உருத்து வைத்து எழுதுவோமா?" என்று கேட்டார். மாப்பிள்ளை பகுதியார் அதனைக் குறைவாக நினைப்பார்களோ என்று அஞ்சி, தகப்பனார் வேண்டாம் என்றார். மூன்று வருடங்களின் பின் மருமகன் கார் ஒன்று வாங்கினார். கொட்டகை போட இடம் வேண்டும். ஒருநாட் காலை தகப்பனார் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் மரம் தறிக்கப்பட்டது. மருமகன் கெட்டவரல்லர். வளவு மனைவியுடையது, மனைவியைக் கேட்டார், அவளும் சம்மதித்தாள். ஐயா வந்தால் வருத்தப்படுவார், அவர் இல்லாத நேரத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணியதும் ஒருவகை இரக்கமே. திரும்பி வந்த பெரியவர் அடிக்கட்டையைப் பார்த்தார். ஒன்றுஞ் சொல்லவில்லை. மூன்று நாட்கள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை. நான்காம் நாள், பின்பக்கத்துச் சாமான் அறையைத் துப்புரவாக்கித் தமது கட்டிலை அங்கே மாற்றிக்கொண்டார். மகள் அழுதாள்; மருமகனுக்குக் கோபம் வந்தது. உறுதிப்படி பார்த்தால் எவருக்கும் குற்றமில்லை. அதுதான் அந்த வீட்டின் துன்பம்.

சீவிய உருத்து என்பது வெறும் சொற்சேர்க்கையன்று. உடைமை பிள்ளைக்குப் போனாலும், உயிருள்ளவரை அங்கே இருந்து அனுபவிக்கும் உரிமையை அது பெற்றோரிடம் நிறுத்திவைக்கிறது. அதனைக் கேட்பது பிள்ளையை நம்பாமையைக் காட்டும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை அதற்கு மாறானது. தமது காலுக்குக் கீழே நிலம் உண்டு என்று அறிந்த கிழவர், சிறு விடயங்களில் விட்டுக்கொடுப்பார். அது இல்லாதவர் ஒரு கறிக்கு உப்புக் குறைந்தாலும் தம்மை அவமதித்ததாகக் கொள்வார். சட்டமும் பெற்றோரை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடலாகாது என்று விதித்து, பராமரிப்புக் கேட்டு முறையிடுவதற்கு ஒரு சபையையும் அமைத்தது. மாற்ற முடியாததென எழுதிய நன்கொடை உறுதியையும், பெற்றவர் பெரும் நன்றிகேடு செய்தார் என்று நிரூபித்தால் நீதிமன்றத்தின் மூலம் நீக்கலாம் என 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. இவை அவசியமானவை. கைவிடப்பட்டவருக்கு இவையே துணை. ஆனால் மாமரம் தறித்த மகளுக்கு எதிராக எந்தத் தகப்பன் நீதிமன்றப் படி ஏறுவான்? 1988ஆம் ஆண்டின் சட்டத்தினால் ஏற்பட்ட மத்தியஸ்த சபைகள் இத்தகைய வழக்குகளுக்கு ஓரளவு ஏற்றவை. அங்கே நீதவான் இல்லை, ஊரிற் பெரியவர்கள் இருந்து இரு பகுதியையும் கேட்பார்கள். அங்கு போவதையும் மானக்குறைவாக நினைப்பவரே அதிகம்.

ஆகவே பெரும்பாலானவற்றை வீட்டுக்குள்ளேயே தீர்க்கவேண்டியுள்ளது. பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசுதல் முதலாவது. மகன் மாதந்தோறும் இவ்வளவு தருவான், அது இன்னதற்கு, மிகுதி அவனுடையது என்று ஒருநாள் உட்கார்ந்து பேசிவிட்டால், அன்று அரை மணி நேரம் எல்லோருக்கும் கூச்சமாக இருக்கும். பிறகு பல வருடங்கள் நிம்மதி. பிந்தி வருபவன், "ஐயா, இண்டைக்குக் கொஞ்சம் பிந்தும்" என்று ஒரு வார்த்தை தொலைபேசியிற் சொன்னால், மணிக்கூட்டைப் பார்க்கும் தேவை குறையும். அது அனுமதி கேட்டலன்று, செய்தி சொல்லல். இந்த வேறுபாட்டைப் பிள்ளை உணர்ந்தால் மட்டும் போதாது. தகப்பனும் உணர்ந்து, "சரி தம்பி" என்பதோடு நிறுத்தவேண்டும். யாருடன் போகிறாய், ஏன் போகிறாய் என்று தொடர்ந்தால், அடுத்த முறை அந்தச் செய்தி வராது.

மகளும் தாயும் ஒரே குசினியில் ஒத்துப்போக முடியாதபோது அடுப்பைப் பிரித்துக்கொள்ளுதல் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உள்ள வழி. ஒரே கூரை, இரண்டு உலை. முன்பெல்லாம் அது ஊர் வாயில் விழும் செய்தியாக இருந்தது. தாய் தன் கைக்கேற்ப உறைப்புப் போட்டுக்கொள்வாள்; மகள் தன் குழந்தைகளுக்கு விரும்பிய நேரத்திற் சமைப்பாள். பிட்டு அவித்தால் ஒரு நீற்றுப்பெட்டி அளவு மற்றப் பக்கத்துக்குப் போகும். அங்கிருந்து சொதி வரும். சேர்ந்து சமைத்தபோது குறை கண்ட நாக்குகள், வேறாகச் சமைத்த பின் ஒன்றையொன்று மெச்சிக்கொள்வதைக் காணலாம். ஊர் வாய்க்குப் பயந்து ஒரே அடுப்பில் இருபது வருடம் புகைந்துகொண்டிருப்பதிலும் இது எவ்வளவோ மேல்.

வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்து எழுதிய பழைய உறுதிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். வீடு ஒருவருக்கு, தெற்குத் துண்டு மற்றவருக்கு என்று எல்லைகளை எல்லாம் குறித்துவந்த நொத்தாரிசுமார், கிணற்றை மட்டும் வேலியால் அடைக்க விடவில்லை. அதிற் பங்கும், அதற்குப் போகும் வழியும் வாய்க்காலும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தனியே ஒரு வரி சேர்த்து எழுதியிருப்பார்கள். பேசாமல் இருந்த சகோதரரும் காலையிலே தண்ணீர் அள்ள அந்த ஒரு கிணற்றடிக்கே வரவேண்டியிருந்தது.