ஒளியும் நேரமும்



மதுரைத் திருமலை நாயக்கர் மகாலை நீங்கள் எத்தனையோ முறை கண்டிருப்பீர்கள். 1858-ஆம் ஆண்டில் அது எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டும் புகைப்படங்களும் இருக்கின்றன. சென்னை அரசாங்கம் அமர்த்திய காப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்பவர் அவ்வாண்டில் மதுரைக்கு வந்து, மகாலையும் மீனாட்சியம்மன் கோயிலையும் வைகையாற்றையும் படமெடுத்தார்.

அப்படங்களைக் காண்போர்க்கு ஓர் ஐயம் எழும். பலவற்றில் ஆள் நடமாட்டமே இல்லை. ஊரைக் காலிசெய்துகொண்டு எல்லோரும் போய்விட்டார்களா என்ன?

மக்கள் இருந்திருப்பார்கள், படத்தில் பதியவில்லை, அவ்வளவுதான். ட்ரைப் கையாண்டவை மெழுகேற்றிய காகிதமும் கண்ணாடித் தகடுமாகிய நெகடிவ்கள். அவற்றில் ஒளி பதியச் சில நிமிடங்கள்கூட ஆகும். தூண் அசையாமல் நின்றது, பதிந்தது. நடந்து சென்றவர் ஓரிடத்திலும் போதிய நேரம் நில்லாமையால் சுவடின்றி மறைந்தார். காற்றில் ஆடிய மர இலைகளும் கலங்கிப் போகும். அந்நாளைய நெகடிவ்களில் வானம் வெறும் வெளுப்பாகவே விழும். ஆகவே மேகங்களையும் இலைகளையும் ட்ரைப் நெகடிவின்மீதே தூரிகையால் தீட்டிச் சேர்த்ததுண்டு. புகைப்படம் பொய் சொல்லாது என்பாரிடம் இதனைச் சொல்லிப் பாருங்கள்!

இனிக் காமிராவுக்கு வருவோம். வயலுக்கு நீர் பாய்ச்சுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மடையை அகலத் திறந்தால் வயல் விரைவில் நிறையும். சிறிதே திறந்தால் நெடுநேரம் பிடிக்கும். லென்ஸினுள் இருக்கும் துவாரமே மடை. ஷட்டர் திறந்திருக்கும் காலமே பாய்ச்சும் நேரம். துவாரத்தின் அளவை எஃப் 4, எஃப் 8 என்று எண்ணால் குறிப்பார்கள். லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது அவ்வெண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப் 8 என்றால் விட்டம் ஆறேகால் மில்லிமீட்டர். எஃப் 4 என்றால் பன்னிரண்டரை. எண் சிறுத்தால் துவாரம் பெருக்கும். விட்டம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே நேரம் கால்பங்கு போதும்.

இக்கணக்கை நான் கற்றது காலங்கடந்து. சமயநல்லூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அப்பத்தாவை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன். மாலை நேரம், ஓட்டுத் தாழ்வாரத்து நிழல். காமிராவை முக்காலிமேல் நிறுத்தி, தூணும் கதவும் எல்லாம் தெளிவாக விழவேண்டும் என்ற ஆசையில் எஃப் 8 வைத்தேன். அவ்வொளிக்கு ஷட்டர் ஒரு விநாடியில் 15-இல் ஒரு பங்கு திறந்திருக்க வேண்டியிருந்தது. அசைவற்ற தூணுக்கு அது போதும். அந்த நொடியில் முற்றத்துக் கோழியை விரட்டுவதற்காக அப்பத்தா தலையைத் திருப்பினாள்.

எஃப் 4 வைத்திருந்தால் 60-இல் ஒரு பங்கே போதுமாயிருந்திருக்கும். முகம் பெரும்பாலும் தப்பியிருக்கும். துவாரம் பெருத்தால் தெளிவு விழும் ஆழம் குறையும். முகத்துக்குப் பின்னால் உள்ள கதவு சற்று மங்கியிருக்கும். மங்கட்டுமே! கதவைத்தான் மறுநாளும் எடுக்கலாமே. அப்பத்தா அடுத்த ஆண்டு இறந்துபோனாள். அவளுக்கு வேறு படம் கிடையாது.

இன்று உங்கள் கைத்தொலைபேசி இக்கணக்கையெல்லாம் தானே போட்டுவிடுகிறது. ஆயினும் அந்தி வேளையில் ஓடுகிற தங்கையைப் படமெடுத்தால் அதுவும் தடுமாறும். அப்போது அவளை வெளிச்சத்துக்கு அழைத்து வாருங்கள். அல்லது ஒரு நொடி நிற்கச் சொல்லுங்கள். இரண்டும் இயலாவிடில் பல படங்களாக எடுத்துத் தள்ளுங்கள்.

அந்தத் திண்ணைப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. தூணின் மரவரிகளைக்கூட எண்ணலாம். முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பனிமூட்டமும், தண்டட்டி அசைந்த தடமாக இரண்டு வெண்கோடுகளும் இருக்கின்றன.