ஒருவரே எண்மர்

ஒருவர் பாட, ஒருவர் குழலூத, ஒருவர் மத்தளம் முழக்கப் பலர் கூடி நிகழ்த்துவது இசையரங்கு. ஒருவரே எண்மராக நின்று இசைத்தல் கூடுமோ? கூடும் என்று காட்டியவர் லெஸ் பால் என்னும் அமெரிக்கர்.

அவர் 1915-ஆம் ஆண்டில் விஸ்கான்சின் மாநிலத்து வாக்கெஷா என்னும் ஊரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திவிட்டு, கிதாருடன் நாட்டுப்புற இசைக்குழு ஒன்றில் சேர்ந்தார். பின்னர்ச் சிக்காகோ வானொலியில் ‘ரூபார்ப் ரெட்’ என்னும் புனைபெயரோடு நாட்டுப்புறப் பாடல்களை இசைத்து வந்தார். இரவானால் ஜாஸ் இசைவாணரோடு கூடுவார்.

1943-இல் ஹாலிவுட் சென்றார். தம் உள்ளத்தில் ஒலித்த இசையைப் பதிவு செய்யப் பன்முறை முயன்று பார்த்தல் வேண்டும். பிறருடைய ஒலிப்பதிவு நிலையங்களில் அதற்கு இடம் ஏது? தமக்கென ஒன்று அமைத்துக்கொள்ளுமாறு பாடகர் பிங் கிராஸ்பி தூண்டினார். வீட்டின் மோட்டார்க் கொட்டகையே ஒலிப்பதிவு நிலையமாயிற்று. காடிலாக் வண்டியின் எஞ்சினில் சுழலும் கனத்த சக்கரத்தைக் கொண்டு, இசைத்தட்டில் ஒலியைப் பொறிக்கும் கருவியை அவரே செய்துகொண்டார்.

அவர் கையாண்ட முறை வியப்புக்குரியது. முதலில் ஒரு தட்டில் தாம் வாசித்ததைப் பதிவு செய்வார். அதனை ஒலிக்கவிட்டு, அதனோடு தாமும் வாசித்து, இரண்டையும் மற்றொரு தட்டில் ஏற்றுவார். இவ்வாறு அடுக்க அடுக்க, முன்னைய ஒலி மங்கும், இரைச்சல் மிகும். ஆதலின், பின்னணியை முதலிலும் தலைமைப் பகுதியை இறுதியிலும் வாசித்தார். 1948-இல் வெளிவந்த ‘லவ்வர்’ இசைத்தட்டில் ஒலித்த எட்டுக் கிதார்களும் அவர் ஒருவர் வாசித்தவையே.

அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒக்லகோமாவில் அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. வலக்கை முழங்கை நொறுங்கியது. இனி அம்மூட்டு மடங்காது என்ற நிலையில், கிதாரைத் தழுவி மீட்டுதற்கு ஏற்ற கோணத்திலேயே கையைப் பொருத்துமாறு மருத்துவரை வேண்டினார். அவ்வாறே செய்தனர்.

1949-இல் கிராஸ்பி ஒலிநாடாக் கருவி ஒன்றை அளித்தார். லெஸ் பால் அதில் ஒலியுணரும் முனை ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தி, ஒரே நாடாவில் ஒலியின்மேல் ஒலி ஏற்றினார். எளிமைதான், ஆனால் இடர் பெரிது. தட்டில் பிழை நேரின் முந்தைய தட்டு எஞ்சும். நாடாவிலோ பழைய பதிவு அழிந்தே புதியது அமையும். பத்தாம் முறை விரல் தவறினால் முந்தைய ஒன்பதும் பாழ்! இவ்வாறு மனைவி மேரி ஃபோர்டின் குரலையும் பலவாக அடுக்கி, 1951-இல் வெளியிட்ட ‘ஹவ் ஹை த மூன்’ ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

இவ்விடர் நீங்க, ஒரே நாடாவில் எட்டுத் தனித் தடங்கள் அமைந்த கருவியை ஆம்பெக்ஸ் நிறுவனத்தார் அவருக்கெனச் செய்து, 1957-இல் அளித்தனர். ஒரு தடத்தில் பிழை நேர்ந்தால் அதனை மட்டும் மீண்டும் வாசித்தால் போதும். தடங்களைப் பிரித்துப் பதியும் இம்முறையே பின்னர் ஒலிப்பதிவு நிலையங்கள் எங்கும் பரவியது.

2009-ஆம் ஆண்டில், 94 வயதில் லெஸ் பால் மறைந்தார். அவ்வாண்டிலும் நியூயார்க்கு நகரில் திங்கட்கிழமை இரவுகளில், அந்த வளைந்த கையாலேயே கிதார் வாசித்து வந்தார்.