மூலைக்கு மூலை ஒரு கணக்கு

எல்சிடி திரையை ஒவ்வொன்றாகச் செய்வதில்லை. அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள பெரிய கண்ணாடித் தகடு ஒன்றில் பல திரைகளைச் சேர்த்து உருவாக்கி, பிறகு வெட்டி எடுக்கிறார்கள். 8.5-ஆம் தலைமுறை என்று தொழிலில் சொல்லும் ஆலைகளில் அந்தத் தகடு 2.2 மீட்டருக்கு 2.5 மீட்டர். அதில் 55 இன்ச் திரை ஆறு விழும். கண்ணாடியில் பத்தில் ஒன்பது பங்கு உதவும். 32 இன்ச் என்றால் பதினெட்டு. 65 இன்ச்சை எப்படித் திருப்பிப் போட்டாலும் மூன்றுதான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சமாகிவிடும். தையற்காரர் துணியில் போடும் அதே கணக்கு. சீனாவின் ஹெஃபெய் நகரில் பிஓஇ நிறுவனம் 2.94-க்கு 3.37 மீட்டர் தகட்டுக்கென்றே ஆலை கட்டியது. அதில் 65 இன்ச் எட்டு கிடைக்கும். இன்ச் ஏறுகிற அளவுக்கு விலை சீராக ஏறாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இன்ச் என்பதும் கொஞ்சம் கண்கட்டுதான். அளப்பது மூலைக்கு மூலை. 19 இன்ச்சில் பழைய 5:4 திரையைவிட 16:9 திரையின் பரப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு.

இதற்கு மேல் அரசுகளும் கோடு போடுகின்றன. 1996-ல் சிங்கப்பூரில் கையெழுத்தான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி கணினித் திரைக்குச் சுங்கவரி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியமோ, டிவிஐ இணைப்பு இருந்தால் டிவிடி பிளேயரையும் மாட்டலாம், ஆகவே அது வீடியோ திரை என்று 14 சதவீதம் கேட்டது. 2005-ல் 48.5 செ.மீ. வரை, அதாவது 19 இன்ச் வரை, அதுவும் 4:3 அல்லது 5:4 வடிவமென்றால் மட்டும் வரியை நிறுத்திவைத்தது. அதே 19 இன்ச் அகலத்திரைக்குச் சலுகை இல்லை! அமெரிக்காவும் ஜப்பானும் தைவானும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டன. 2010-ல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தது.

நம் ஜிஎஸ்டியும் சளைத்ததல்ல. 2017-ல் 20 இன்ச் வரையுள்ள மானிட்டருக்கு 18 சதவீதம், அதைத் தாண்டினால் 28. 2019 ஜனவரியில் கோடு 32-க்கு நகர்ந்தது. இதில் மாட்டிக்கொண்டது 34 இன்ச் 21:9 அகலத்திரை. பரப்பில் அது 32 இன்ச் சாதாரணத் திரையைவிடச் சிறியது, மூலைவிட்டம்தான் நீளம். ஆனாலும் 2025 செப்டம்பர் 22-ல் எல்லா மானிட்டருக்கும் 18 சதவீதம் என்று ஆகும்வரை, அதை வாங்கியவர் 28 கட்டவேண்டியிருந்தது.